அரசு ஒருமையா, பன்மையா?



தமிழக அரசின் ஆங்கில ஆணைகளில் ‘கவர்ன்மென்ட் ஹேஸ்’ என்பதைவிட ‘கவர்ன்மென்ட் ஹேவ்’ என்றே அதிகம் வரும். பிழை என்று சிவப்பு மையால் சுழித்துவிடாதீர்கள். அது பழைய பிரிட்டிஷ் வழக்கு. உறுப்பினர்களை மனத்தில் வைத்தால் பன்மை. ஒரே அமைப்பாக நினைத்தால் ஒருமை. அன்றைய சென்னை மாகாண அரசு ‘கவர்னர் இன் கவுன்சில்’, அதாவது பலர் கூடி முடிவெடுக்கும் சபை.

நம் மரபு வேறு. தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், குழு, அரசு, விருந்து, குழவி உள்ளிட்ட 18 சொற்களைச் சொல்கிறது. மனிதரைக் குறித்தாலும் இவை அஃறிணை முடிபு கொள்ளும். அதனால்தான் ‘அரசு ஆணையிட்டது’ என்கிறோம். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனாலும் கன்னடத்தில் ‘சர்க்கார ஹேளிதெ’தான், அதுவும் அஃறிணை ஒருமையே.

இரண்டு வழக்கும் சரியே. ஆனால் ‘ஆணையிட்டது’ என்னும்போது ஆணையிட்ட ஆள் மறைந்துவிடுகிறார். சிப்காட் ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, ‘நிர்வாகம் முடிவு செய்துள்ளது’ என்று பலகையில் அறிவிப்பு ஒட்டினால், வினைமுற்றோடு நின்றுவிடாதீர்கள். கீழே கையெழுத்திட்டவர் யார் என்றும் படியுங்கள்.