பொருந்தக் கூடாதது பொருந்தியபோது



எங்கள் ஒலிபரப்புக் கூடத்தில் வயரை மாற்றிச் செருகினால் பெரும்பாலும் சத்தம் வராது, அவ்வளவுதான். வைத்தியசாலையில் அதே தவறு உயிர்களை எடுத்திருக்கிறது. இம்மாதப் பேச்சு அதைப் பற்றியது.

இருதயத் துடிப்பைக் கண்காணிக்க நெஞ்சில் ஒட்டுகள் போடுவார்கள் அல்லவா? அவற்றிலிருந்து மெல்லிய வயர்கள் வரும. அந்த நாட்களில் பல வயர்களின் நுனியில் மூடியில்லாத உலோக ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கருவியின் கேபிளில் உள்ள துளையில் செருக வேண்டும். கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் வயரோ கழற்றக்கூடியது. அதைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, சுவர்ப் பக்கத்தைப் பிடுங்காமல் விட்டால், இந்தப் பக்கத்துத் துளைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். நெஞ்சு வயரின் ஊசி அந்தத் துளைக்குள்ளும் போகக்கூடியதாக இருந்தது. யாரும் திட்டமிடாத பொருத்தம்.

1986இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 4 வயதுச் சிறுமி ஒருத்தி இப்படித்தான் இறந்தாள். அங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ட். தோலின் தடையைக் குறைப்பதற்கென்றே ஒட்டில் பசை இருக்கும். ஆகவே மின்சாரத்துக்கு வழி ஏற்கனவே திறந்திருந்தது.

தாதி கவனமாக இருந்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயர், இரண்டும் பொருந்துகின்றன என்றால் ஒருநாள் எவருடைய கையும் தவறும். எங்கள் கணக்குத் தொழிலில் பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால் பிழை பிறகு தெரியவரும். இங்கே அந்தப் 'பிறகு' கிடையாது.

ஒலித்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே எக்ஸ்.எல்.ஆர். செருகியைப் பாவித்த காலம் ஒன்று இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் வலுவான மின்சாரம் மைக் வயரில் போய்விடும் ஆபத்து. லீக்டன்ஸ்டைன் நாட்டு நியூட்ரிக் நிறுவனம் 1987இல் ஸ்பீக்கருக்கென்றே வேறு வடிவத்தில் 'ஸ்பீக்கொன்' செருகியைக் கொண்டுவந்தது. மைக் வயர் அதற்குள் போகவே போகாது. பாட்டுக் கச்சேரிக்கு வந்த இந்தப் பாதுகாப்பு நோயாளியின் கட்டிலுக்கு வரத் தாமதமானது.

1993இல் சிக்காகோவில் பிறந்து 12 நாளான குழந்தையொன்று அதே விதமாக இறந்தது. அதன் பின்னர்தான் வேகம் பிறந்தது. 1997 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கட்டாய விதி வெளியிட்டது. நோயாளியின் உடலோடு தொடர்புள்ள வயரின் நுனி, ஆபத்தான மின்சாரத்தைத் தொடவே முடியாதபடி அமைந்திருக்க வேண்டும். நடைமுறையில் உலோகம் பிளாஸ்டிக் உறைக்குள் உள்வாங்கிப் போனது. பழைய வயரை மாற்றவோ பொருத்தி எடுக்கவோ அவகாசம் கொடுத்து, 1998இல் குறிப்பிட்ட சில கருவிகளுக்கும் 2000 மே மாதத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் விதி அமுலானது.

சியாட்டில் சிறுமி இருந்திருந்தால் அந்த ஆண்டில் அவளுக்கு 18 வயது.