புற்றுநோய் ஸ்டெம் செல்களின் சைட்டோகைன்கள்

நுரையீரல் புற்றுக்கட்டியில் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. அவற்றுள் ஒரு சிறுபான்மை மருந்துக்குத் தப்பிப் பிழைத்து, சிகிச்சை முடிந்தபின் கட்டியை மறுபடி வளர்த்துவிடும். புற்றுநோய் ஸ்டெம் செல்கள் எனப்படுபவை இவையே. இவை சுரக்கும் புரதங்களில் முக்கியமானவை சைட்டோகைன்கள். நோயெதிர்ப்பு செல்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் மூலக்கூறுகளும் இவைதாம். கொரோனா இரண்டாம் அலையில் இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனின் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசிக்காக அலைந்த குடும்பங்களுக்கு இவை கட்டுமீறிச் சுரக்கும் 'சைட்டோகைன் புயல்' புதிய சொல் அல்ல.

1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மானும் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனைக் கண்டறிந்தனர். அதன்பின் ஆளாளுக்குப் பெயர் வைத்ததில் ஒரே மூலக்கூறு பல பெயர்களில் உலவியது. 1974இல் ஸ்டான்லி கோஹன் 'சைட்டோகைன்' என்ற பொதுப்பெயரை முன்வைத்தார். 1979இல் சுவிட்சர்லாந்தில் கூடிய ஆய்வாளர்கள் 'இன்டர்லூகின்' என எண்ணிட்டு அழைக்க முடிவு செய்தனர். அந்தக் காலத்து நம்பிக்கை எளிமையானது: வெள்ளணுக்களைத் தூண்டிவிட்டால் கட்டியை அவையே அழித்துவிடும். சிறுநீரகப் புற்றுக்கு இன்டர்லூகின்-2 மருந்தை 1992இல் அமெரிக்கா அனுமதித்தது இந்த வழியில்தான். கட்டியும் அதே மூலக்கூறுகளைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்தும் என்பது மெல்லத்தான் உறைத்தது.

புற்றுநோய் ஸ்டெம் செல் ஆய்வின் வரலாறு தனியாக ஓடியது. 1994இல் டொராண்டோவில் ஜான் டிக் குழு இரத்தப் புற்றில் இத்தகைய செல்களைக் காட்டியது. நுரையீரல் புற்றில் சிடி133 என்ற அடையாளப் புரதம் கொண்ட செல்களை இத்தாலிய ஆய்வாளர்கள் 2008இல் பிரித்தெடுத்தனர். சிடி133 மட்டுமே போதுமான அடையாளமா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் போனது. நுரையீரல் புற்று செல்கள்மேல் சிஸ்பிளாட்டின், டாக்சோரூபிசின், எட்டோபொசைடு மருந்துகளைச் செலுத்தி, சாகாமல் மிஞ்சியவற்றை ஆராய்ந்தது. மிஞ்சியவற்றில் ஸ்டெம் செல் குணங்கள் இருந்தன. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, இரத்தக்குழாய் வளரத் தூண்டும் விஇஜிஎஃப் ஆகியவற்றை அவை மருந்து படாத முந்தைய செல்களைவிட மிகுதியாகச் சுரந்தன. அந்தச் செய்திகளை வாங்கும் ஏற்பிகளும் அவற்றின் மேற்பரப்பில் கூடியிருந்தன. தானே அனுப்பித் தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

இவற்றுள் இன்டர்லூகின்-6, ஸ்டாட்3 என்ற உள்புரதத்தை முடுக்கி, ஸ்டெம் செல் தன்மை மங்காமல் காக்கிறது. இன்டர்லூகின்-8 நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை வரவழைத்து, புதிய இரத்தக்குழாய்களுக்கும் வழி செய்கிறது. டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைன், கட்டியைத் தாக்க வரும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களை மந்தமாக்குகிறது.

அப்படியானால் இவற்றைத் தடுத்தால் போதாதா? 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வு அப்படித்தான் எண்ண வைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 10,061 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில், மற்றொரு சைட்டோகைனான இன்டர்லூகின்-1பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தைப் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்று குறைந்திருந்தது. இதய நோய்க்காக நடந்த ஆய்வில் தற்செயலாகத் தென்பட்ட முடிவு இது. ஆனால் நுரையீரல் புற்று ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்த கனோபி சோதனைகள் 2021, 2022இல் வரிசையாகத் தோற்றன. தொடக்கத்தில் தடுப்பது வேறு, வேரூன்றியதை வீழ்த்துவது வேறு என்றே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

சைட்டோகைன்களைக் கையாளும் புற்றுநோய் ஆய்வு தமிழ்நாட்டிலும் நடந்தது; இங்கே புற்றுநோய் ஆய்வின் கதை புதுக்கோட்டைக்குக் கடன்பட்டது. 1886இல் அங்கே பிறந்து, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954 ஜூன் 18இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தியும் 1955இல் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் அதை ஆய்வு நிறுவனமாகவும் வளர்த்தனர்.

நோயெதிர்ப்பு மருத்துவத்தில் அந்நிறுவனம் கைவைத்தது கருப்பைவாய்ப் புற்றுக்காக. நோயாளியின் இரத்தத்திலிருந்தே நோயெதிர்ப்பைத் தூண்டும் டென்ட்ரிடிக் செல்களை வளர்த்துத் தடுப்பூசியாகச் செலுத்திப் பார்த்த முயற்சி 2014இல் வெளியானது. இத்தகைய செல்களை ஆய்வகத்தில் வளர்க்க வழக்கமாகச் சேர்ப்பவை இரண்டு சைட்டோகைன்கள்: ஜிஎம்-சிஎஸ்எஃப், இன்டர்லூகின்-4. குடல் புற்றின் ஸ்டெம் செல்கள் மருந்துக்குச் சாகாமல் தப்பத் தாமே சுரந்துகொள்வதாக 2007இல் காட்டப்பட்டது இந்த இன்டர்லூகின்-4தான்.