கிள்ளை மாசி மகம்

வரலாறு கல்வெட்டில் மட்டும் வாழ்வதன்று. வீதியிலும் உலா வருவதுண்டு. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி கண்டருளுகிறார். அவ்விழாவை நான் பன்முறை கண்டுள்ளேன். வழியில், கிள்ளைத் தைக்கால் தர்காவின் அருகே இஸ்லாமியப் பெருமக்கள் பெருமாளுக்குப் பட்டும் மாலையும் அளித்து வரவேற்பர்; கோயிலாரும் அவர்களுக்குப் பிரசாதமும் மாலையும் வழங்கி மரியாதை செய்வர்.

நவாபு காலத்தோடு ஊரார் இணைத்துப் பேசும் வழக்கம் இது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமை 1801-இல் கும்பினியாரிடம் சென்றது. ஆங்கிலேயர் ஆட்சி 1947-இல் நீங்கிற்று. தென்னார்க்காடு மாவட்டமே 1993-இல் பிரிந்து கடலூர் மாவட்டம் தோன்றிற்று. இம்மாலையோ இன்றும் கைமாறுகிறது. இதனைக் காப்பது படையன்று, சட்டமுமன்று. அண்டை வீட்டார் மனமே. ஒரு தலைமுறை கைவிட்டாலும் இவ்விழை அறுந்துவிடும். அடுத்த தலைமுறை நீங்களே!