அமெரிக்கா என்றொரு கப்பல்

இன்றும் போட்டியிடப்படும் சர்வதேச வெற்றிக் கிண்ணங்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்று ‘அமெரிக்கக் கிண்ணம்’. ஐக்கிய அமெரிக்க நாட்டின் பெயரே அதற்கு இடப்பட்டதென்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது ‘அமெரிக்கா’ என்ற பந்தயப் பாய்க்கப்பலின் பெயர். கிண்ணம் உலகப் புகழோடு வாழ்கிறது. அதனை வென்று கொடுத்த கப்பலுக்கு நேர்ந்த கதி பலர் அறியாதது.

1851 மே மாதத்தில் நியூ யோர்க்கிலுள்ள வில்லியம் பிரவுண் என்பவரின் கப்பல் கட்டும் தளத்தில் அது நீரில் இறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜோர்ஜ் ஸ்டியர்ஸ். நியூ யோர்க் பாய்ப்படகுக் கழகத்தின் தலைவர் ஜோன் கொக்ஸ் ஸ்டீவன்ஸும் அவரது கூட்டாளிகளும் பணம் முதலிட்டனர். 30,000 டொலருக்குப் பேசப்பட்ட கப்பல், குறித்த நாளில் கட்டி முடிக்கப்படாமையால் 20,000 டொலருக்கு அவர்கள் கைக்கு வந்தது. லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்த ஆண்டு அது. இளம் நாடொன்றின் கைவண்ணத்தைக் கடலரசியான பிரித்தானியாவுக்குக் காட்ட வேண்டும், பந்தயம் கட்டிப் பணமும் ஈட்ட வேண்டும் என்ற இரண்டு நோக்கங்களோடு கப்பல் அத்லாந்திக்கைக் கடந்தது.

அக்காலத்து ஆங்கிலப் படகுகள் முன்புறம் பருத்தும் பின்புறம் ஒடுங்கியும் இருந்தன. ‘அமெரிக்கா’வின் முன்புறமோ கத்தி போல் கூர்மையாக இருந்தது, அதன் அகலம் நடுப்பகுதியிலேயே அமைந்தது. ஆங்கிலேயரின் சணல் நாரினாலான பாய்கள் காற்றில் பை போல் உப்பின. அமெரிக்கரின் இயந்திரத்தில் நெய்த பருத்திப் பாய்கள் தட்டையாக விறைத்து நின்று காற்றை வாங்கின. இக்கப்பலின் ஓட்டத்தைக் கண்ட பின்னர் அதனோடு பந்தயம் கட்டப் பலரும் தயங்கினர்.

1851 ஆகஸ்ட் 22 ஆந் திகதி வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் ‘அமெரிக்கா’ வென்றது. இரண்டாவதாக வந்தது யார் என விக்டோரியா மகாராணி வினவியதாகவும், இரண்டாவது என்று எவருமே இல்லை என விடை கிடைத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. செய்தியாளனாகிய எனக்கு இக்கதையில் ஒரு மனக்குறை உண்டு. இரண்டாவது இடத்துக்கு ஒரு படகு வரத்தான் செய்தது. ‘அவுரோரா’ என்ற அச்சிறு படகு சில நிமிடங்களே பிந்தி எல்லையைத் தொட்டது. வென்றவரின் கதை சுவையாக அமைய, தோற்றவர் வரலாற்றிலிருந்தே நீங்கிவிடுகிறார்.

வென்ற கப்பலின் நிலையும் மேம்பட்டதாக இல்லை. போட்டி முடிந்து பத்தே நாட்களில் உரிமையாளர்கள் அதனை 5,000 பவுணுக்கு விற்றுவிட்டு, கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினர். கப்பல் கைமாறியது, பெயரும் மாறியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்காக, வட மாநிலங்கள் விதித்த கடல் முற்றுகையை ஊடுருவி ஓடியது. 1862 இல் புளோரிடாவில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. வட மாநிலக் கடற்படையினர் அதனை மீட்டுப் பீரங்கி பொருத்தி, அதே முற்றுகைக்குக் காவலாக நிறுத்தினர். ஒரே கப்பல் இரு தரப்புக்கும் உழைத்தது. 1870 இல், தன் பெயரைத் தாங்கிய கிண்ணத்துக்கான முதலாவது சவால் போட்டியில் கலந்துகொண்டு நான்காவதாக வந்தது.

1921 இல் கப்பல் ஒரு டொலர் விலைக்கு அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிடம் ஒப்படைக்கப்பட்டது. பேணுவதற்கென்று கொடுத்த இடத்திலேயே அது பேணுவாரற்று உக்கியது. 1942 மார்ச் 29 இல் பெய்த கடும் பனியின் பாரந் தாங்காது கொட்டகைக் கூரை அதன்மீது இடிந்து விழுந்தது. 1945 இல் எஞ்சிய மரங்களை உடைத்து எரித்துவிட்டனர்.

கிண்ணமோ 1857 முதல் நாடுகளுக்கிடையிலான நிரந்தரச் சவால் கிண்ணமாயிற்று. 132 ஆண்டுகள் அது நியூ யோர்க் கழகத்தை விட்டு அகலவில்லை. 1983 செப்டெம்பரில் ‘அவுஸ்திரேலியா 2’ அதனை வென்றபோது, அச்செய்தியைத் தொலையச்சில் வாசித்த நினைவு எனக்கு உண்டு. கப்பலைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்கவில்லை. 1997 இல் ஒக்லாந்தில் ஒருவர் சம்மட்டியால் கிண்ணத்தை அடித்து நொறுக்கினார். அதனை வார்த்த லண்டன் கரார்ட் நிறுவனமே பல வார காலம் உழைத்துச் செப்பனிட்டுக் கொடுத்தது. 1851 இல் இழந்ததை மீட்க பிரித்தானியா 2024 இல் பார்சலோனாவில் முயன்றபோதும், நியூசிலாந்திடம் தோற்றது.

அந்தக் கிண்ணத்துக்கு அடிப்பாகம் இல்லை. அதில் ஒரு துளி நீரைக்கூட ஊற்றி வைக்க முடியாது. அதற்காக நாடுகள் கோடிக்கணக்கில் செலவிடுகின்றன. கடலை வென்ற கப்பலுக்கோ ஓர் உறுதியான கூரை கிடைக்கவில்லை. அதனை அழித்தவர் பகைவர் அல்லர். எந்த நாட்டின் பெயரைத் தாங்கி அது ஓடியதோ, அந்த நாட்டவரே.