குருத்தணு ஆராய்ச்சி மையம், வேலூர்

பழைய வடஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராயிருந்த வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, மத்திய சர்க்காரின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் 2005-இல் ஸ்தாபிக்கப்பெற்றது. இங்கு, ரத்தம் சரிவர உறையாத ஹீமோபிலியா ‘ஏ’ நோயால் வருந்திய ஐவரின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, அவர்களிடம் குறைந்திருந்த எட்டாவது உறைகாரணிக்குரிய ஜீனைத் தீங்கு நீக்கிய வைரஸ் வாயிலாக அவற்றுள் புகுத்தி, மீண்டும் அவர்கள் உடலிலேயே செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு நேரவில்லை என்பது மகத்தான செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் ஜீன் சிகிச்சைக்கு வகுத்த தேசிய வழிகாட்டு நெறிகளோடு, இத்தகைய சிகிச்சைகளின் அனுபவக் குறிப்புகளும் தேசத்தின் பொதுச் சொத்தாதல் வேண்டும்.