கைநாட்டிலிருந்து ஓடிபி வரை: கரிசல் காட்டில் ஒரு பாடப்புத்தகத்தின் கதை

இன்னைக்கு எபிசோட் எங்க ஆச்சியோட கட்டை விரல்ல தொடங்குது.

போன தடவை ஊருக்குப் போனப்போ ஆச்சியை ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கோவில்பட்டியில இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கரிசல் ஊர். கடையில ஒரு சின்ன மெஷின், அதுல விரல் வைக்கணும். ஆச்சி வச்சாங்க. மெஷின் ஏத்துக்கல. முந்தானையில துடைச்சிட்டு மறுபடி வச்சாங்க. அப்பவும் இல்ல. அடுத்த விரல், அதுக்கடுத்த விரல். ஒண்ணும் நடக்கல. பருத்தி எடுத்து, களை வெட்டி, தீப்பெட்டி ஆபீஸ்ல வருஷக்கணக்கா கட்டை அடுக்கித் தேஞ்சுபோன விரல்கள் அவை. ரேகைக்கு எங்க போறது? "நாளைக்கு வாங்க பாட்டி"ன்னு சொல்லிட்டாங்க.

திரும்பி வர்ற வழியில ஆச்சி கேட்டாங்க: "கைநாட்டு வைக்கக் கூடாதுன்னுதானய்யா அப்ப ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுத்துப் படிச்சேன்? இப்ப மறுபடியும் விரலைக் கேக்கான்?"

எனக்குப் பதில் தெரியல. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனதுதான் இந்த எபிசோட்.

விரலுக்கு ஒரு வரலாறு

முதல்ல ஒரு ஆச்சரியம். ஆளை அடையாளம் காண விரல் ரேகையைப் பயன்படுத்துற நவீன வழக்கம் வேரூன்றின இடங்கள்ல நம்ம நாடு முக்கியமானது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடும் பொருள் சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து, ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். 'நான் கையெழுத்துப் போடவே இல்லை'ன்னு அவர் பின்னாடி சொல்லிடக் கூடாது, அதுதான் நோக்கம். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக்கென்று தனி அலுவலகமே வந்துவிட்டது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நீ யாருங்கிறதை ரேகை சொல்லும். நீ அந்தக் காகிதத்தைப் படிச்சியா, புரிஞ்சுதான் ஒத்துக்கிட்டியான்னு அது சொல்லாது. விரல் வாங்குறவருக்கு அது தேவையும் இல்ல.

இதைக் கரிசலுக்குக் கொண்டு வாங்க. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. ஆத்துப் பாசனம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம். மழை ஏமாத்தினா கடன். கடன்னா புரோநோட்டு. புரோநோட்டுன்னா கைநாட்டு. என்ன எழுதியிருக்கு, வட்டி எவ்வளவு, எந்த நிலத்தின் பேர் இருக்குன்னு தெரியாமலே வச்ச கைநாட்டுகள் எத்தனையோ.

அவங்க அறிவில்லாதவங்க இல்ல. மாட்டுத்தாவணியில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சே விலை பேசி முடிக்கிற கணக்குக்காரங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல எத்தனை கட்டை அடுக்கினோம், எவ்வளவு கூலி வரணும்னு ஆச்சி மனசுலேயே வச்சிருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாதது காகிதம் ஒண்ணுதான். ஆனா நிலம் யாருக்குன்னு முடிவு பண்ணுனது அந்தக் காகிதம்.

'அ'வில் தொடங்காத புத்தகம்

1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிடைத்த அனுபவம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளும் சேர்ந்து நடத்தின. நம்ம ஊர்ல அதுக்குப் பேர் அறிவொளி இயக்கம்.

அறிவொளின்னாலே பலருக்கும் ஞாபகம் வர்றது புதுக்கோட்டை. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட கதை. ஆனா திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த அலை வந்தது. கோவில்பட்டியில் தபால் துறையில் வேலை பார்த்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் நெல்லைப் பக்கத்து அறிவொளியில் முழுமூச்சாக இறங்கினார். அந்த அனுபவத்தைத்தான் பின்னாளில் 'இருளும் ஒளியும்' என்ற புத்தகமா எழுதினார்.

வகுப்புன்னா பள்ளிக்கூடம் இல்ல. வேலை முடிஞ்சு, சமைச்சு, பிள்ளைகளைத் தூங்க வச்ச பிறகு, ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்துல நடக்கும். சொல்லிக் கொடுத்தவங்க சம்பளம் வாங்காத தொண்டர்கள், பெரும்பாலும் அதே ஊர்ல பத்தாவது, பன்னிரண்டாவது படிச்ச பிள்ளைங்க. எங்க ஆச்சிக்குச் சொல்லிக் கொடுத்ததும் எதிர்வீட்டுப் பொண்ணுதான். பகல்ல ஆச்சியோட சேர்ந்து களை வெட்டப் போகும், ராத்திரி டீச்சர்.

அந்தப் புத்தகத்தைப் பத்திச் சொல்லணும். நாமெல்லாம் அம்மா, ஆடு, இலைன்னு படிச்சோம். நாப்பது வயசுப் பெண்கிட்ட ஆடு படத்தைக் காட்டி 'இது ஆடு'ன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? ஆடு மேய்ச்சதே அவங்கதானே? அறிவொளிப் புத்தகம் அப்படித் தொடங்கல. தொடக்கப் பாடத்துல வந்த சொற்கள் பட்டா, படி. நிலம் யார் பேர்ல இருக்குன்னு சொல்ற பட்டா. முதல்ல பேச்சு: யார் வீட்டுல பட்டா இருக்கு? யார் பேர்ல இருக்கு? பொம்பளைங்க பேர்ல ஏன் இல்ல? எழுத்து வந்தது அதுக்கப்புறம்.

அந்த ரெண்டு சொல்லை நீங்களே எழுதிப் பாருங்க. ப, ட், டா, டி. இதை மாத்திப் போட்டா 'பட்டி' வந்துடும். கரிசல்ல பாதி ஊர்ப் பேரு பட்டியில்தான் முடியுது. அதாவது சில நாள்லேயே பஸ் போர்டுல பாதி தெரிய ஆரம்பிச்சிடும்.

இந்த யோசனைக்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. 1963இல், பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் அங்கிகோஸ் என்ற சின்ன ஊரில், பாவ்லோ ஃப்ரெய்ரே சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தரும் சோதனையை நடத்தினார். மக்கள் வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுப்பது, அந்தச் சொல்லைப் பற்றி முதலில் பேசுவது, பிறகு அசை அசையாகப் பிரிப்பது என்பது அவர் முறை. மறுவருஷம் பிரேசில்ல ராணுவ ஆட்சி வந்தது. அவரைச் சிறையில் போட்டாங்க, பிறகு நாட்டைவிட்டே போக வேண்டியதாச்சு. எழுத்துச் சொல்லிக் கொடுத்ததுக்கு ஏன் சிறை? பட்டாவைப் படிக்கத் தெரிஞ்சவங்க அடுத்து பட்டாவைப் பத்திக் கேள்வி கேப்பாங்க, அதுதான் காரணம்.

அறிவொளியை நான் புனிதமாக்கப் போறதில்ல. இலக்கு எண்ணிக்கையை எட்டுற அவசரம் இருந்தது. இயக்கத்தின் வேகம் குறைஞ்ச பிறகு படிக்க எதுவும் கிடைக்காம எழுத்தை மறந்தவங்க நிறைய. கையெழுத்தோடு நின்னவங்களும் நிறைய. இன்னொண்ணு: தேசிய இயக்கம் குறி வைச்ச வயசு 15 முதல் 35. ஆச்சிக்கு அப்ப 40. கணக்குலேயே அவங்க இல்ல. எதிர்வீட்டுப் பொண்ணு "நீங்களும் வாங்க பெரியம்மா"ன்னு கூப்பிட்டதால போய் உக்காந்தவங்க.

பட்டா இப்போ போன்ல இருக்கு

இப்ப 2017க்கு வருவோம். கிராமத்து மக்களுக்கு டிஜிட்டல் எழுத்தறிவு தர ஒரு பெரிய மத்தியத் திட்டம் வந்தது. இலக்கு 6 கோடி பேர், 20 மணி நேரப் பயிற்சி, கடைசியில தேர்வு, சான்றிதழ். பாடத்திட்டத்தின் முதல் பகுதி டிஜிட்டல் கருவிகள் அறிமுகம். வயசு வரம்பு 14 முதல் 60. ஆச்சிக்கு அப்ப 65. மறுபடியும் கணக்குல இல்ல.

வயசை விடுங்க, பாடம் எங்க தொடங்குதுன்னு பாருங்க. 'இது கருவி, இதன் பாகங்கள் இவை.' இது திரும்பவும் 'அம்மா, ஆடு, இலை'தான்.

கிண்டல் பண்ண எனக்குத் தகுதி இல்ல, ஏன்னா நானும் அதையேதான் செஞ்சேன். ஊர்ல இருந்த அந்த வாரம் ஆச்சிக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக் கொடுக்க உக்காந்தேன். "ஆச்சி, இது ஹோம் ஸ்கிரீன். இது ஆப். இதை இப்படித் தள்ளணும்." பத்து நிமிஷத்துல ஆச்சி குறட்டை விட்டுட்டாங்க.

மறுநாள் வேற மாதிரி கேட்டேன். "இந்தப் போன்ல உங்களுக்கு எதைப் பாக்கணும்?" யோசிக்கவே இல்ல. "காட்டுக்குப் பட்டா யார் பேர்ல கெடக்குன்னு பாக்கணும்யா."

முப்பது வருஷம் கழிச்சும் முதல் சொல் அதேதான்.

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தைத் திறந்தோம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண். புல எண் ஆச்சிக்கு மனப்பாடம். அப்புறம் போன் நம்பர் கேட்டது, ஓடிபி வந்தது. ஓடிபியை யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு நான் நீளமா விளக்க ஆரம்பிச்சேன். ஆச்சி இடைமறிச்சாங்க: "அப்ப இதுவும் கைநாட்டு மாதிரிதான். எதுக்குன்னு தெரியாம வச்சிரக் கூடாது." எந்த விழிப்புணர்வு விளம்பரமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாச் சொன்னதில்ல.

திரையில பேர் வந்துச்சு. நான் படிக்கல, ஆச்சியே விரலை ஓட்டி எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. ரெண்டு பேர் இருந்தது. ஒண்ணு தாத்தா, இன்னொண்ணு தாத்தாவோட அண்ணன். கூட்டுப் பட்டா. ரெண்டு பேரும் இப்ப உயிரோட இல்ல. ஆச்சி பேர் எங்கேயும் இல்ல. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மாத்த என்ன செய்யணும்?"னு கேட்டாங்க. அடுத்த பாடம் தானா வந்து நின்னது.

வீட்டிலயோ ஊர்லயோ பெரியவங்களுக்கு டிஜிட்டல் சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கு இந்த வரலாறு சொல்றது இதுதான். பாடத்தை கருவியில தொடங்காதீங்க. அவங்க வாழ்க்கையைத் தீர்மானிக்கிற காகிதம் எதுன்னு கேளுங்க. பட்டாவா இருக்கலாம், பென்ஷனா இருக்கலாம், வேலைக் கூலி பாங்க்ல ஏறிடுச்சாங்கிறதா இருக்கலாம். அங்க இருந்து தொடங்குங்க.

எழுத்தே தெரியாதவங்களும், கண் சரியாத் தெரியாதவங்களும் இருக்காங்களே? அதுக்கும் பழைய உதாரணம் இருக்கு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்து ஊர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் ஊரில், கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற தகவலை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கரையில நிக்கிறவருக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்ல, காது போதும்.

இப்ப போன்லேயே குரல் தேடல் இருக்கு, ஆனா ஆச்சி பேசுற பேச்சு அதுக்குப் பல நேரம் பிடிபடல. 'கேக்கான்'னா அது முழிக்குது. இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் 1982லேயே கரிசல் வட்டாரச் சொற்களுக்குன்னு தனி அகராதி கொண்டு வந்தார். இந்தப் பேச்சும் தமிழ்தான்னு நிறுவ ஒரு தனி மனுஷன் அவ்வளவு பாடுபட்டார். இன்னைக்குக் குரல் மென்பொருள் செய்றவங்களுக்கும் அதே வேலை மிச்சம் இருக்கு.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயசுக்கு மேல எல்லாரையும் சேர்த்துக்குது. மேல் வரம்பு இல்ல. எழுத்தோடு டிஜிட்டல் அறிவும், பண விவரங்களைக் கையாளுறதும் அதுல பாடம். சொல்லிக் கொடுக்கிறவங்க இப்பவும் தொண்டர்கள்தான். மூணாவது தடவையில வயசுக் கணக்குக்குள்ள ஆச்சி வந்துட்டாங்க. ஆனா பாடம் எந்தச் சொல்லில் தொடங்குதுங்கிறது ஒவ்வொரு ஊர்லயும் சொல்லிக் கொடுக்கிறவங்க கையிலதான் இருக்கு.

ரேஷன் என்னாச்சுன்னு கேப்பீங்க. மறுநாள் சித்தப்பா வந்து விரல் வச்சு அரிசி வாங்கினார். பட்டா மாறுதலுக்கு மனு தயாராகுது. வாரிசுச் சான்றிதழ் வேணும், பெரிய தாத்தா வீட்டுப் பிள்ளைங்க சம்மதிக்கணும், இன்னும் நாளாகும். மனுவுல ஆச்சி கையெழுத்துத்தான் போட்டாங்க. கோணலா, ஆனா முழுசா.

இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு போன் போடுங்க. சொல்லிக் கொடுக்க வேண்டாம். எந்தக் காகிதத்தைப் பாத்தா பயமா இருக்குன்னு மட்டும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.