கடல் சூழ்ந்த தீவும் நீந்தாத சிறாரும்: இலவசப் பயிற்சியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு வரலாறு என்ற பெயரில் எம்மிடையே வழங்குவன பெரும்பாலும் வெற்றியாளர் பட்டியல்களே. யார் ஓடினார், எத்தனை மணித்தியாலத்தில் நீந்தினார், எப்பதக்கத்தைப் பெற்றார் என்பன பதிவாகின்றன. அவர் எங்கே பழகினார், பழகிய நாள்களில் அவருக்குச் சோறிட்டவர் யார், அவரோடு ஒத்த வயதினராயிருந்தும் கரையிலேயே நின்றுவிட்டவர் யாவர் என்பன பதிவாவதில்லை. இக்கட்டுரை இரண்டாவது வகை வினாக்களையே எழுப்ப முயல்கின்றது. அதற்கு வாயிலாக, ட்ரையத்லன் எனப்படும் புதிய விளையாட்டையும், அதனை வறிய சிறாருக்குக் கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும் என எழுந்துள்ள எண்ணத்தையும் எடுத்துக்கொள்கின்றோம்.

நீச்சல், துவிச்சக்கரவண்டி ஓட்டம், கால் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாது செய்து முடிக்கும் போட்டியே ட்ரையத்லன். இன்றைய வடிவில் இது 1974 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் ஓர் ஓட்டக் கழகத்தாரால் நடத்தப்பட்டது. 46 பேர் பங்குபற்றினர். 1978இல் ஹவாய்த் தீவுகளில் 'அயன்மான்' என்னும் நெடுந்தூரப் போட்டி 15 பேருடன் தொடங்கியது. 12 பேர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், 10 கிலோமீற்றர் ஓட்டம் என்ற அளவில் இடம்பெற்றது. குவாகாத்தியில் 2016இல் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவிலும் இது சேர்க்கப்பட்டது. கொழும்பும் 2018இல் முதன்முறையாக ஓர் அயன்மான் போட்டியைக் கண்டது.

இவ்விளையாட்டு, ஓய்வும் பணமும் உள்ள நகரத்து மத்தியதர வகுப்பாரிடையே பிறந்தது. பழகுவதற்குத் தடாகம் வேண்டும். பந்தயத்திற்கெனச் செய்த வண்டியின் விலையோ எம்மூர்க் குடும்பமொன்றின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். ஆதலின் அமெரிக்கப் பெருநகர்களில், குறிப்பாகச் சிக்காகோவில், வறிய பகுதிச் சிறாருக்கு இதனை இலவசமாகக் கற்பிக்கும் முயற்சிகள் பிற்காலத்தில் தோன்றின. வண்டியை இரவல் கொடுக்கலாம், சப்பாத்து வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் நீர்?

இவ்வினாவைச் சிக்காகோவில் வைத்துக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1919 யூலை 27ஆம் நாள், அந்நகரின் ஏரிக்கரையில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞன் நீரில் மிதந்துகொண்டிருந்தான். எவராலும் காணமுடியாத, எனினும் எல்லோரும் அறிந்திருந்த ஒரு கோட்டைக் கடந்து வெள்ளையரின் பகுதிக்குள் அவன் சென்றுவிட்டான். கரையிலிருந்து கல்லெறியப்பட்டது, அவன் மூழ்கி இறந்தான். அதனைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர். 1964 யூனில் புளோரிடாவின் சென் ஒகஸ்ரின் நகரில், கறுப்பினத்தாரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கிய விடுதித் தடாகத்தில் அதன் உரிமையாளர் அமிலத்தை ஊற்றினார். பொதுத் தடாகங்கள் பல பத்தாண்டுகளாக வெள்ளையருக்கே உரியனவாயிருந்த நாட்டில் பாட்டன் நீந்தவில்லை, தந்தை நீந்தவில்லை, ஆதலால் மகனும் நீந்தவில்லை. கட்டணத்தை நீக்குவதால் மட்டும் அம்மகன் நீரில் இறங்கிவிடுவான் என எதிர்பார்ப்பது வரலாறு அறியாதார் செயலாகும்.

இது பிறநாட்டார் கதை என நாம் ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. 1927 மார்ச் 20இல் மகாட் என்னும் ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தம் மக்களுடன் இறங்கி நீரை அள்ளிப் பருகியது ஒரு போராட்டமாகவே நிகழவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலோ, எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், எந்தக் கேணியில் யார் இறங்கலாம் என்பவற்றைச் சாதியே தீர்மானித்து வந்தது. பொது இடங்களில் சாதியின் பெயரால் மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடக்கவேண்டியிருந்தது. கோயிற் கேணிகளே எம்மவர் பலரின் முதல் நீச்சற் பள்ளிகள் என்பதை நினைவிற் கொண்டால், அப்பள்ளியின் வாயில் எவருக்கு அடைக்கப்பட்டிருந்தது என்பதும் உடன் விளங்கும். கீரிமலையில் பெண்களுக்கெனத் தனிக்கேணி உண்டு. எனினும் அங்கே பெண்கள் நீராடினர் என்று சொல்லலாமேயன்றி நீந்தப் பழகினர் என்று சொல்லத் துணியேன்.

இனி எம் கடலுக்கு வருவோம். பாக்குநீரிணையை நீந்திக் கடந்தோருள் முதல்வராகப் போற்றப்படுபவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து இறங்கி, ஏறத்தாழ 27 மணித்தியாலத்தில் கோடிக்கரையை அடைந்தார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் 30 கிலோமீற்றர் அளவினது; நவரத்தினசாமி நீந்திய வழி அதனினும் மிக நீண்டது. ஆங்கிலக் கால்வாயை 1958இல் கடந்த கல்கத்தாவின் மிகிர் சென் 1966 ஏப்ரலில் இந்நீரிணைக்கு வந்தபோது, இந்தியக் கடற்படைக் கப்பல்கள் அவருக்குத் துணைசென்றன. 1971இல் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று மீண்டும் நீந்தியே திரும்பினார். சென்றுமீள 51 மணித்தியாலம் ஆயிற்று. ஆழிக்குமரன் என மக்கள் வழங்கிய அவர் 1984 ஓகஸ்ற் 6இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் துறந்தார். அவருடைய சென்றுமீள் சாதனையை 2021இல் விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலத்திற்குச் சற்றுக் கூடிய நேரத்தில் முறியடித்தார்.

பெருமைக்குரிய வரிசைதான். ஆயினும் வடகரையோரச் சிற்றூர் இரண்டில் 20 ஆண்டுகளுக்குள் இத்தகைய இருவர் தோன்றியது தற்செயலன்று. தொண்டைமானாற்றில் உப்பாறும் கடலும் அருகருகே உள்ளன. வல்வெட்டித்துறை கப்பலோட்டிகளின் துறை. அங்கே சிறுவன் நீந்துவதைப் பத்துப்பேர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பர், மூழ்கினால் தூக்குவர். கட்டணமில்லாத பள்ளியொன்று அங்கே பெயர்ப்பலகையின்றி நடந்து வந்தது. அதன் ஆசிரியர் அப்பத்துப்பேரே.

அத்தகைய பள்ளி எம் தீவகத்தில் இருந்ததா? வேலணைத் தீவில், ஊர்காவற்றுறைக்குச் செல்லும் பக்கமாக உள்ளது என் ஊர் புளியங்கூடல். குடாநாட்டுக்கும் தீவுக்கும் இடையில் கிடப்பது பரவைக்கடல். பெரும்பாலும் இடுப்பளவு, மார்பளவு நீர். களங்கண்டி வலை கட்டுவோர் அதில் நடந்தே திரிவர். அதனை நம்பி இறங்குபவர் வெட்டிய வாய்க்கால் ஒன்றில் கால் தவறினால் ஆழம் தெரியும். என் பாட்டனார் நீந்துவார். என் தாயாருக்கு நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. பரம்பரையொன்றில் ஒரு திறன் இவ்வாறு அறுந்துபோனதற்குப் பெண்பிள்ளை என்பது ஒரு காரணம். மற்றையது யுத்தம். 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கடற்றொழில் தடைகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டது. கடல் என்பது பார்க்கலாம், இறங்கலாகாது என்ற பொருளாய் மாறிய காலத்தில் வளர்ந்தவர் என் தாயார். மீண்டு வந்தபோது கடல் இருந்தது. கரையில் நின்ற அப்பத்துப்பேர் இல்லை.

ஆனால் துவிச்சக்கரவண்டியின் கதை வேறு. பொருளாதாரத் தடையின் காலத்தில் எரிபொருளின்றிக் குடாநாடு முழுவதும் சைக்கிளிலேயே இயங்கிற்று. நோயாளியும் நெல்மூடையும் பல்கலைக்கழக மாணவரும் அதன்மேலேயே சென்றனர். அப்போது எம் பெண்களும் ஓட்டினர். ஓட்டாது வழியில்லை என்பதால் எவரும் விமர்சிக்கவும் இல்லை. இன்றும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தின்மேல் யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்கு எதிர்க்காற்றில் மிதித்து வருபவர், ஒலிம்பிக் பயிற்சியாளர் எவரும் வகுக்காத பயிற்சியை நாள்தோறும் செய்துவிடுகின்றார்.

எம்மவர் தேவையினால் கற்றதை, பாக்குநீரிணையின் மறுகரையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டம் ஓர் இயக்கமாகவே கற்றது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராயிருந்த சீலாராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். வயலிலும் கல்லுடைக்கும் குவாரியிலும் வேலைசெய்த பெண்கள், கிராமத் தாதியர், பாலர் பள்ளி ஆசிரியைகள் எனப் பல்லாயிரவர் பழகினர். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்பித்தாள். வண்டி வாங்க வங்கிக்கடன் ஏற்பாடாயிற்று. பெண்கள் வண்டி தட்டுப்பட்டபோது ஆண்கள் வண்டியையே வாங்கினர். அதன் குறுக்குத் தண்டில் பிள்ளையை இருத்தலாம் என்பது அதற்கு மேலும் ஒரு வசதி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். ஏளனமும் வசையும் எழாமலில்லை. ஆயின் ஒரே தெருவில் நூறு பெண்கள் ஓட்டும்போது ஏளனஞ் செய்பவன்தான் தனித்துப்போகிறான். தமிழ்நாட்டு அரசு 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கியதும், பின்னர் அது ஏனைய மாணவருக்கும் விரிந்ததும் இதன்பின் நிகழ்ந்தவை. இவற்றுள் எது எதனால் விளைந்தது என அறுதியிட்டுக் கூறுவது ஆய்வாளர் பணி. எனினும் வண்டியைக் கொடுப்பதற்கு முன்பே அதனை ஓட்டும் துணிவைக் கொடுத்த மாவட்டம் ஒன்று இருந்தது என்பதில் ஐயமில்லை.

அதே மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அது பறிக்கப்பட்டது. அவர்பால் இழைக்கப்பட்ட அநீதி தனிக்கட்டுரைக்குரியது. எமக்கு இங்கு வேண்டியது, தமிழ்நாட்டு அரசு தமக்கு வழங்கிய பரிசுப் பணத்தைக்கொண்டு அவர் புதுக்கோட்டையில் வறிய சிறாருக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார் என்னும் செய்தியே. ஓட்டம் மூன்றனுள் மிகமிக மலிவானது. வெறுங்காலே போதும் என்பர். ஆயின் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கும் முட்டையும் பாலும் நேரங்கணிக்கும் ஒருவரும் வேண்டும். அவ்வொருவராக நின்றவர், தம் பதக்கத்தை இழந்தவர்.

ஆக, சக்கரத்துக்கு ஒரு புதுக்கோட்டையும் ஓட்டத்துக்கு ஒரு சாந்தியும் கிடைத்தனர். நீருக்கு? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் தென்கரையில் பெண்களுக்கும் சிறுமியருக்கும் இலவசமாக நீச்சல் கற்பிக்கும் பணி தொடங்கியது. அதுவும் பேரழிவு ஒன்று வந்த பின்னரே. 2024 மார்ச்சில் திருகோணமலையைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீந்திச் சேர்ந்தான். இத்தகைய நீச்சலுக்கு இரு நாடுகளின் அனுமதி வேண்டும், துணைப்படகு வேண்டும், மருத்துவர் வேண்டும், பல ஆண்டுக் கண்காணிப்பு வேண்டும். அவை அனைத்தும் ஒரு பிள்ளைக்குக் கிட்டின என்பது மகிழ்ச்சி தருவது. வல்வெட்டித்துறை ரேவடிக் கடற்கரையில் ஆழிக்குமரன் பெயரில் ஒரு தடாகமும் அமைக்கப்பட்டுள்ளது. கடலில் பழகியவருக்குக் கடற்கரையிலேயே தடாகம் எழுப்பியதை முரண் எனச் சிலர் நகைக்கக்கூடும். நான் நகைக்கமாட்டேன், காவலற்ற கடலைவிடக் காவலுள்ள தடாகமே பிள்ளைக்கு மேலானது. ஆனால் புளியங்கூடலிலிருந்து ரேவடிக்குச் செல்லும் பிள்ளை பண்ணைப் பாலத்தையும் கடந்து, யாழ்ப்பாண நகரையும் கடந்து, குடாநாட்டின் மறுகோடிக்கல்லவா செல்லவேண்டும்? பேருந்துக் காசு யார் கொடுப்பது? பெண்பிள்ளையாயின் உடன் செல்பவர் யார்?

கடந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, மாலை வகுப்பு முடிந்த சிறுவர் ஐவர் தம் சைக்கிள்களைப் பரவைக்கடலின் கரையில் சாய்த்துவிட்டு முழங்காலளவு நீரில் ஒருவரையொருவர் துரத்தி ஓடிக்கொண்டிருந்தனர். மூன்றில் இரண்டு அவர்களுக்குக் கைவந்திருந்தன. மேலும் உள்ளே செல்ல முயன்ற ஒருவனை, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் "அங்காலை போகாதை, தம்பி" என்று கூவித் தடுத்தார். அவன் திரும்பி வந்தான். நீந்தத் தெரியுமா என அம்முதியவரைக் கேட்டேன். "தெரியும் பிள்ளை. ஆர் கேட்டவை பழக்கச் சொல்லி?" என்றார்.